கரந்துறைந்த எழுத்து

எழுத்தை விலக்கிப் பாடுவது தமிழ்ப் புலவர்க்குப் புதிய செயல் அன்று. இதழ் குவியாமலும் ஒட்டாமலும் ஒலிக்கத்தக்க எழுத்துகளை மட்டுமே கொண்டு செய்யுள் இயற்றுவதை நிரோட்டகம் என்று நம் அணி மரபு வழங்குகிறது. 17ஆம் நூற்றாண்டில் துறைமங்கலம் சிவப்பிரகாசர் திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதியை முழுவதுமாக அவ்வாறே பாடிவைத்தார். பகர மகர வகர மெய்களும், உகரம் ஒகரம் முதலிய இதழ் குவியும் உயிர்களும் அதனுள் இடம்பெறா. இவ்வகைப் பாடல்களை மிறைக்கவி என்று ஒதுக்கி, புலமை விளையாட்டு என்று ஒரு புன்முறுவலோடு கடந்துபோவது வகுப்பறைகளிலும் கவியரங்குகளிலும் வழக்கமாகிவிட்டது. உணர்ச்சி வற்றிய காலத்தின் விளைச்சல் இவை என்பது இலக்கிய வரலாற்று நூல்களில் படிந்துபோன கருத்து. அக்கருத்தைத் தம் வாழ்வாலும் எழுத்தாலும் மறுத்து நிற்கும் ஒரு பிரெஞ்சு எழுத்தாளரைப் பற்றி வட்டத்து அன்பர்கள் அறிதல் நலம் என்று எண்ணி இதனை எழுதுகிறேன்.

ஜார்ஜ் பெரெக் 1936ஆம் ஆண்டு மார்ச்சு 7ஆம் நாள் பாரிசு நகரில் பிறந்தார். பெற்றோர் இருவரும் போலந்து நாட்டு யூதர். முதல் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் பிரான்சுக்குக் குடிபெயர்ந்தவர்கள். தந்தை இத்செக் யூட்கோ பாரிசில் ஆந்த்ரே ஆனார். தாய் சிர்லா, செசில் ஆனார். நகரின் கிழக்கே பெல்வில் மேட்டில் ஏறிச்செல்லும் வீலேன் தெருவில் 24ஆம் எண் வீட்டில் அவர்கள் வாழ்ந்தனர். அங்கேயே தாய் மகளிர்க்கான சிறிய முடியலங்காரக் கடை ஒன்றை நடத்தினார். வீட்டு மொழி இட்டிஷ். அடுத்துப் பிறந்த பெண் குழந்தை பிறந்த சில நாள்களிலேயே இறந்துவிட்டது.

பெரெக் என்னும் குடும்பப் பெயரைப் பற்றி ஒரு சொல். அது விவிலியத்தில் வரும் பெரெத்ஸ் என்னும் எபிரேயப் பெயர். பிளவு, உடைப்பு என்று பொருள்படுவது. போலந்து எழுத்துமுறைப்படி எழுதப்பட்ட அப்பெயரின் ஈற்றெழுத்தைப் பிரெஞ்சுக்காரர் தம் முறைப்படி ககர மெய்யாக ஒலித்தனர். அவ்வாறு ஒலித்தபோது அது வடமேற்குப் பிரான்சின் பிரெத்தோன் குடிப்பெயர் போலவே கேட்டது. அரசு அலுவலர் ஒருவர் நோக்கில் அது யூதப் பெயராகத் தோன்றாது. ஈற்றெழுத்து ஒன்றின் ஒலித்திரிபு பின்னாளில் ஒரு சிறுவனுக்குக் கவசமாயிற்று.

அவருடைய முதல் நினைவும் ஓர் எழுத்தைப் பற்றியதே. மூன்று வயதில், இட்டிஷ் செய்தித்தாள்கள் சூழக் கடையின் பின்னறையில் அமர்ந்திருந்த குழந்தை எபிரேய எழுத்து ஒன்றைச் சுட்டி அதன் பெயரைச் சொன்னதாகவும், சுற்றமெல்லாம் வியந்து மகிழ்ந்ததாகவும் அவர் எழுதியிருக்கிறார். தாம் சொன்னதாக நினைத்த பெயர் அவ்வடிவுக்கு உரியது அன்று, அவ்வடிவம் வேண்டுமானால் மகரத்தை ஒக்கும் என்பதையும் அவரே குறித்துவைத்தார். நினைவு என்று ஒன்றைச் சொல்லுவதும், சொன்ன கையோடு அதைத் தாமே ஐயுறுவதும் அவருடைய இயல்பு. அந்த ஐயத்துக்குக் காரணம் உண்டு. குழந்தைப் பருவத்தை உடனிருந்து பார்த்தவர்கள் சான்று சொல்ல எஞ்சியிருந்தால் அல்லவா ஒருவர் தம் நினைவைச் சரிபார்த்துக்கொள்ள முடியும்?

1939இல் போர் மூண்டதும் தந்தை, அயல்நாட்டவர்க்கென அமைந்த படைப்பிரிவில் தாமே முன்வந்து சேர்ந்தார். 1940 ஜூன் 16ஆம் நாள், வயிற்றில் காயமுற்று, உரிய மருத்துவம் கிட்டாமல், நோழான்-சுர்-சேன் என்னும் ஊரில் குருதி வடிந்து இறந்தார். பாரிசு இரண்டு நாள் முன்னரே ஜெர்மானியர் வசமாகியிருந்தது. யூதர்க்கு எதிரான ஆணைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. தாய் கடையை விட்டு, கடிகாரத் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார்.

இனி வரும் காட்சி லியோன் தொடர்வண்டி நிலையத்தில் நிகழ்கிறது. சிறுவனுக்கு அப்போது ஐந்தாறு வயது. போரில் இறந்த வீரரின் மகன் என்னும் உரிமையால், செஞ்சிலுவைச் சங்கத்தார் தெற்கே அழைத்துச் சென்ற குழந்தைகளுள் அவனும் ஒருவன். வழியனுப்ப வந்த தாய் அவனுக்கு ஒரு படக்கதை வாங்கித் தந்தார். அட்டையில் சார்லி சாப்ளின் வான்குடையில் தொங்கிக்கொண்டிருந்தார். தன் கை ஒரு தூளியில் தொங்கிக்கொண்டிருந்தது. இவ்வாறுதான் பெரெக் நெடுங்காலம் நினைத்திருந்தார். ஆனால் கையில் கட்டு எதுவும் இருக்கவில்லை என்று அத்தை உறுதியாகச் சொன்னார். மலையூரில் விளையாடும்போது எலும்பு முறிந்ததாக அவர் வைத்திருந்த மற்றொரு நினைவும், விசாரித்தபோது, உடன் படித்த வேறொரு சிறுவனுக்கு நேர்ந்தது என்று தெரியவந்தது. உடலில் இல்லாத கட்டை நினைவு தானே கட்டிவிட்டது. தாயை அவன் கண்டது அதுவே கடைசி.

குழந்தை போய்ச் சேர்ந்த இடம், ஆல்ப்சு மலைச்சாரலில் கிரெனோபிள் நகருக்கு மேலே வெர்கோர் மேட்டில் உள்ள வில்லார்-தெ-லான். தந்தையுடன் பிறந்த அத்தை எஸ்தெரும் அவர் கணவரும் சுற்றத்தாரும் அங்கே தஞ்சம் புகுந்திருந்தனர். 1942 நவம்பர் முதல் 1943 செப்டம்பர் வரை அப்பகுதி இத்தாலியப் படையின் கையில் இருந்தது. இத்தாலியர் யூதரைப் பிடித்துக்கொடுக்க மறுத்தனர். அந்தப் பத்து மாதங்கள் பல்லாயிரவர்க்கு மூச்சுவிட இடம் தந்தன. இத்தாலி சரணடைந்து ஜெர்மானியர் மலையேறி வந்தபின்தான் ஒளிவு வாழ்க்கை முழுப்பொருளில் தொடங்கியது.

ஒளிந்து வாழ்வது என்றால் பரணிலும் நிலவறையிலும் பதுங்குவது என்றே நாம் எண்ணுகிறோம். சிறுவன் பெரெக் ஒளிந்தது பட்டப்பகலில், பிற சிறுவர் நடுவே. துரேன் என்னும் கத்தோலிக்க விடுதிப்பள்ளியில் அவனைச் சேர்த்தனர். 1943 கோடையில் அவனுக்குத் திருமுழுக்கு நடந்தது. மந்திரங்களை மனப்பாடம் செய்தான், திருப்பலிக்குச் சென்றான், குழந்தைகளுக்கே உரிய முழுநம்பிக்கையோடு பக்தனாகவும் இருந்தான். வீலேன் தெருவின் சொற்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. சண்டை ஒன்றும் இல்லை, சத்தமும் இல்லை. ஒரு மொழி ஒரு குழந்தையின் நாவிலிருந்து இறங்கிப் போயிற்று.

இங்கே அவன் பாட்டியைப் பற்றிச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. தந்தையைப் பெற்ற அந்த மூதாட்டி அருகிலுள்ள லான் என்னும் ஊரில் குழந்தைகள் இல்லம் ஒன்றில் சமையல் வேலைக்கு அமர்ந்தார். அவருக்குப் பிரெஞ்சு ஏறத்தாழத் தெரியாது; வாய் திறந்தால் வழங்கும் மொழியே காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே அவரை ஊமை என்று சொல்லிவைத்தார்கள். சிறுவனும் சில காலம் அதே இல்லத்தில் இருந்தான். அடுக்களையில் பேரனுக்கும் மற்றக் குழந்தைகளுக்கும் சோறாக்கிக்கொண்டு, தன் மொழியை வாய்க்குள்ளேயே வைத்துப் பூட்டிக்கொண்ட அந்தப் பாட்டியை நினைக்குந்தோறும், எழுத்தை விலக்கும் கலையை இவர் எங்கே பயின்றார் என்ற வினாவுக்கு விடை வேறெங்கும் தேடவேண்டுவதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. நம் அணிநூல்களில் கரந்துறைச்செய்யுள் என்று ஒன்று உண்டு. ஒரு பாடலின் எழுத்துகளுக்குள் இன்னொரு பாடல் மறைந்து உறையும். அந்த மலையூர்களில் அன்று கரந்துறைந்தவை பாடல்கள் அல்ல.

மற்றொரு மலையூர்க் காட்சி. முதியவர் ஒருவர் விறகு அறுத்துக்கொண்டிருக்கிறார். கட்டை கிடக்கும் மரத்தாங்கி பெருக்கல் குறி வடிவில் நிற்கிறது. அந்த வடிவத்தைப் பெரெக் தம் வாழ்நாள் முழுதும் உருட்டிக்கொண்டிருந்தார். கைகளை மடக்கி நீட்டினால் அதுவே நாட்சிகளின் சுவத்திகம். அதை இரண்டாகப் பிளந்து மாற்றி அடுக்கினால் தாவீதின் ஆறுமுனை விண்மீன். கொன்றவர் சின்னமும் கொலையுண்டவர் சின்னமும் ஒரே கோடுகளின் இடமாற்றம்! சித்திரகவி கட்டும் கணக்காளனின் கண் அது. ஆனால் அந்தக் கணக்கு எங்கிருந்து பிறந்தது என்பதையும் பார்க்கவேண்டும்.

பாரிசில் தங்கிய தாய் ஒருமுறை எல்லை கடந்து தெற்கே வர முயன்றார். அழைத்துச் செல்லவேண்டிய வழிகாட்டி வரவில்லை, திரும்பிவிட்டார். இடம் மாறும்படியும் ஒளிந்துகொள்ளும்படியும் வேண்டியவர்கள் சொன்னார்கள். நாட்டுக்காக உயிர்விட்ட வீரரின் கைம்பெண்ணுக்குத் தீங்கு வராது என்று அவர் நம்பியிருந்தார். 1943 ஜனவரியில் உடன்பிறந்தாள் ஒருத்தியோடு பிடிபட்டு, பாரிசுக்கு வெளியே திரான்சி முகாமில் அடைக்கப்பட்டார். பிப்ரவரி 11ஆம் நாள் புறப்பட்ட வண்டியில் அவுஷ்விட்சுக்கு அனுப்பப்பட்டார். பிறந்த போலந்து மண்ணுக்கே அவரைக் கொண்டுபோய்க் கொன்றார்கள். பிரான்சிலிருந்து இவ்வாறு அனுப்பப்பட்ட யூதர் ஏறத்தாழ 76,000 பேர். அவர்களுள் குழந்தைகள் 11,000 பேர். திரும்பியவர் எல்லாருமாக 2,500 பேர் அளவே.

மகனுக்கு எவரும் எதுவும் சொல்லவில்லை. 1944 ஜூலையில் ஜெர்மானியர் வெர்கோர் மேட்டைத் தாக்கி வாசியே முதலிய ஊர்களை எரித்ததையும் கடந்து அவன் பிழைத்தான். 1945இல் அத்தையும் மாமாவும் அவனைப் பாரிசுக்கு அழைத்துவந்து மகனாக வளர்த்தனர். அந்நாளில் அத்தை அவனை முகாம்களைப் பற்றிய கண்காட்சி ஒன்றுக்கு அழைத்துச் சென்றார். நச்சுவாயு அறைச் சுவர்களில் நகங்கள் கீறிய தடங்களின் ஒளிப்படமும், ரொட்டி உருண்டைகளால் செய்த சதுரங்கக் காய்களும் அவன் நினைவில் நின்றன. விளையாட்டு என்பது எங்கெங்கெல்லாம் செய்யப்படுகிறது என்று அந்த ஒன்பது வயதில் அவன் கண்டிருக்கவேண்டும்.

அரசு 1947இல் தாய்க்கு ஒரு சான்றிதழ் அளித்தது. அது இறப்புச் சான்று அன்று, மறைந்துபோனமைக்கான சான்று. பிரெஞ்சில் அதற்கு வழங்கும் சொல் திஸ்பாரிசியோன். 1958இல் வேறோர் ஆணை, அவர் 1943 பிப்ரவரி 11 அன்று திரான்சியில் இறந்ததாக முடிவுசெய்தது. அடுத்த ஆண்டு இன்னோர் ஆணை, அவர் பிரெஞ்சுக் குடியுரிமை உடையவராக இருந்திருப்பின் நாட்டுக்காக இறந்தவர் என்னும் சிறப்புக்கு உரியவராவார் என்று விளக்கியது. தந்தைக்கு ஒரு கல்லறையேனும் இருந்தது. தாய்க்கு இருந்தவை இந்தத் தாள்களே.

இளமைக் காலத்தை விரைந்து கடக்கலாம். மனநல மருத்துவர்களிடம் மூன்று முறை வெவ்வேறு காலங்களில் சென்றார். முதன்முறை 13 வயதில். படைப்பயிற்சியில் அவர் வான்குடை வீரரானார்; படக்கதையின் அட்டையை நினைப்பவர் இதைத் தற்செயல் என்று கொள்ளமாட்டார். 1961 முதல் 1978 வரை நரம்பியல் ஆய்வுக்கூடம் ஒன்றில் ஆவணக் காப்பாளராக எளிய ஊதியத்தில் பணிசெய்தார். முதல் நாவல் பொருள்கள் 1965இல் வெளிவந்து ரெனோதோ பரிசு பெற்றது. கணிதவல்லாரும் கவிஞரும் கூடிச் செய்யுட் கட்டுப்பாடுகளை ஆராய்ந்த ஊலிப்போ என்னும் குழுவில் 1967இல் சேர்ந்தார். இலக்கிய வட்டம் ஒன்று ஓர் எழுத்தாளருக்கு என்ன செய்ய முடியும் என்பதற்கு அக்குழு நல்ல சான்று.

1969இல் அவருடைய லா திஸ்பாரிசியோன் வந்தது. தாயின் சான்றிதழில் இருந்த அதே சொல் நூலின் பெயராயிற்று. ஏறத்தாழ 300 பக்கம் கொண்ட அந்நாவலில், ஆங்கிலத்தில் நாம் ஈ என்று சொல்லும் ஐந்தாம் எழுத்து ஓரிடத்திலும் இல்லை. பிரெஞ்சு மொழியில் மிகுதியாகப் பயிலும் எழுத்து அது. அது இன்றி ஒரு வாக்கியம் அமைப்பதே அரிது. 26 இயல்களுள் ஐந்தாம் இயல் இல்லை. நாயகன் காணாமற்போகிறான், அவன் பெயர், உயிரெழுத்து என்னும் பிரெஞ்சுச் சொல்லின் சிதைந்த வடிவம். தேடிச் செல்லும் நண்பரும் உறவினரும் உண்மையை நெருங்குந்தோறும் ஒருவர்பின் ஒருவராக மாய்கின்றனர். ஒரு குடி முழுதும் அழிகிறது. அழிவின் காரணத்தை எவரும் பெயர்சொல்லிச் சுட்ட முடியவில்லை, சுட்டவேண்டிய எழுத்து அங்கே இல்லாமையால். படித்து மதிப்புரை எழுதியவர்களுள்ளேயே எழுத்து விடுபட்டதைக் கவனியாதவர் இருந்தார்கள்.

அந்த எழுத்து இல்லையேல் பிரெஞ்சில் தந்தை இல்லை, தாய் இல்லை. பேர், மேர் என்னும் அவ்விரு சொற்களும் அதைக் கொண்டே அமைந்தவை. ஜார்ஜ் பெரெக் என்னும் பெயரிலும் அவ்வெழுத்து நான்கு முறை வருகிறது. ஆகவே ஆசிரியரும் தம் நூலுக்குள் நுழைய முடியாது. இதைப் படித்தபோது நிரோட்டகத்தை எண்ணிப் பார்த்தேன். இதழ் ஒட்டாது பாடவேண்டின் அம்மா என்று சொல்ல முடியாது. அப்பா என்றும் சொல்ல முடியாது. தாய், தந்தை என்னும் சொற்கள் தப்பிவிடும். குழந்தை அழைக்கும் சொற்களே அகப்படும். பிரெஞ்சிலோ நேர்மாறு: மமான், பப்பா என்று மழலை அழைக்கும் சொற்களில் அந்த ஐந்தாம் எழுத்து இல்லை, சான்றிதழில் எழுதப்படும் சொற்களில்தான் இருக்கிறது. நிரோட்டகத்தை இத்தனை காலம் நாவின் பயிற்சியாகவே கொண்டு வந்திருக்கிறோம். வாய் திறந்து அம்மா எனவொட்டாத யாப்பு ஒன்று நம்மிடம் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது என்ற கோணத்தில் எவரேனும் ஆராய்ந்தால் நன்று.

13 வயதில் அவர் எழுதியும் வரைந்தும் பார்த்த கதை ஒன்று, விளையாட்டுப் போட்டிகளையே சட்டமாகக் கொண்ட ஒரு தீவைப் பற்றியது. அதை மறந்து, பின்னர் வெனிஸ் நகரில் திடீரென நினைவுகூர்ந்து, 1975இல் டபிள்யூ அல்லது குழந்தைப் பருவ நினைவு என்னும் நூலாக வெளியிட்டார். ஓர் இயல் தீவின் கதை, அடுத்த இயல் தம் கதை என்று மாறிமாறிச் செல்வது அதன் அமைப்பு. வீரர்கள் ஓடும் தீவு மெல்ல மெல்ல முகாமாகத் திறந்துகொள்கிறது. இறுதியில் எஞ்சுபவை பல்லும் மோதிரமும் கண்ணாடியும். நூலின் இரு பகுதிகளுக்கும் இடையே ஒரு பக்கத்தில், பிறைக்குறிக்குள் மூன்று புள்ளிகள் மட்டும் உள்ளன. தொடர்வண்டி புறப்பட்ட கணம் அங்கேதான் இருக்கிறது. நூலை அந்த ஐந்தாம் எழுத்துக்கே காணிக்கையாக்கினார். பிரெஞ்சில் அவ்வெழுத்தைச் சொன்னால், அவர்கள் என்னும் பொருளுடைய சொல்லும் ஏறக்குறைய அவ்வாறே ஒலிக்கும்.

கவிஞர் வட்டத்து மலர் ஆதலால் அவருடைய கவிதைகளையும் குறிக்கவேண்டும். 1976இல் வந்த அல்ஃபபே தொகுப்பில் 176 பாடல்கள். ஒவ்வொன்றும் 11 அடி, ஓரடிக்கு 11 எழுத்து. அடிதோறும் அதே 11 எழுத்துகள், ஒவ்வொன்றும் ஒரே ஒருமுறை, இடம் மாறி வருதல் வேண்டும். அதே ஆண்டில், இத்தகைய முறையிலேயே வீலேன் தெருவைப் பற்றி 17 பாடல்கள் எழுதி, அத்தெருவின் 17 ஒளிப்படங்களோடு வெளியிட்டார். இவற்றை இனிமையானவை என்று சொல்ல மாட்டேன். நாவல்களைப் போல இவை எல்லாரையும் ஈர்க்கவுமில்லை. குறைந்த எழுத்துகளைக் கொண்டு குலைந்த தெருவைச் சொல்லும் அந்தச் சிக்கனத்தில் ஒரு வறுமையும் ஒரு வைராக்கியமும் உண்டு.

1978இல் வந்த வாழ்க்கை: பயன்படுத்தும் முறை அவருடைய பெருநூல். நூறு அறைகள் கொண்ட பாரிசுக் கட்டடம் ஒன்றில் சதுரங்கக் குதிரை தாவுவதுபோல் கதை அறைக்கு அறை செல்கிறது. வடமொழிச் சித்திரகவியில் துரகபதம் என்பார்களே, அது. இயல்கள் 99, ஓர் அறை விடுபட்டிருக்கிறது. மெதிசிசு பரிசு பெற்ற பின்னரே அவரால் ஆவணக் காப்பாளர் பணியை விட முடிந்தது. அடுத்து, அமெரிக்காவுக்குக் குடியேறியோர் வந்திறங்கிய எல்லிஸ் தீவைப் பற்றி நண்பர் ரொபேர் பொபேருடன் ஒரு படம் எடுத்தார். யூதராக இருப்பது தமக்கு ஒரு சமயமோ வழக்கமோ அன்று, ஓர் இன்மையே என்றும், பெற்றோர் பேசிய மொழியைத் தாம் பேசவில்லை என்றும் அதில் கூறினார்.

1969 முதல் பாரிசின் பன்னிரண்டு இடங்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து எழுதுவது என்று ஒரு திட்டம் வகுத்திருந்தார். ஆண்டுக்கு ஒருமுறை நேரில் சென்று கண்டதை எழுதவேண்டும். ஒருமுறை நினைவிலிருந்து எழுதவேண்டும். இரண்டையும் உறையிலிட்டு முத்திரை வைக்கவேண்டும். 288 உறைகள் ஆகியிருக்கும். 1975இல் அதைக் கைவிட்டார். எழுதியவை 2022இல்தான் நூலாயின. அவ்விடங்களுள் ஒன்று வீலேன் தெரு. ஒவ்வோர் ஆண்டும் சென்று, எந்த வீடு அடைக்கப்பட்டது, எந்த வீடு இடிக்கப்பட்டது என்று நில அளவையாளர் போல உணர்ச்சி ஒட்டாமல் எழுதிவைத்தார். 24ஆம் எண்ணில், அடைத்துக்கிடந்த கடைக் கதவின்மேல் மகளிர் முடியலங்காரம் என்று பொருள்படும் இரண்டு பிரெஞ்சுச் சொற்கள் இன்னும் படிக்கத்தக்கனவாக இருந்தன. இரண்டு சொற்களிலும் அந்த ஐந்தாம் எழுத்து இருக்கிறது.

1982ஆம் ஆண்டு மார்ச்சு 3ஆம் நாள் நுரையீரல் புற்றுநோயால் பெரெக் காலமானார். 46 வயது நிறைய நான்கு நாள்கள் இருந்தன. தாயின் கடை இருந்த கட்டடமும் 1980களில் இடிக்கப்பட்டது. மேட்டின்மீது 1988இல் பெல்வில் பூங்கா திறக்கப்பட்டது. வீலேன் தெருவின் பெரும்பகுதி இன்று அதன் புல்வெளியினடியில் கிடக்கிறது.